முன்கூட்டிப் போட்ட மாலை

எங்கள் வீதிக்குத் தண்ணீர் வருவதற்கு முன்பே, தண்ணீர் கொண்டு வந்தவருக்கு மாலை விழுந்துவிட்டது. போட்டவர் என் எதிர் வீட்டுக்காரர். அந்த மனிதரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இருக்கிற இடத்திலிருந்து ஒரு மாலையோடு எழுந்து வந்துவிடுவார் என்று எனக்கு இன்னமும் பயம்.

தொண்ணூறுகளில் மைசூர் விஜயநகரில் எங்கள் பக்கம் பாதி மனைகள் காலி. கட்டின வீடுகளில் குழாய் இருந்தது. திறந்தால் காற்று வரும். எனக்கு அதில் பெரிய குறை இல்லை. காலி மனைகளில் புல் ஆளுயரம் வளர்ந்தது, நான் எருமை வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் மேஸ்திரி. ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, கடைசியாக எங்களுக்கும் ஓர் ஓட்டு வீட்டைக் கட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். தமிழ் பேசுகிற எல்லையோரத்துக் கௌதள்ளியிலிருந்து அவர் பின்னால் வந்தவள் நான். திரும்பிப் போகத் தோன்றவில்லை. எருமைகளும் கன்னடத்துக்குப் பழகிவிட்டன.

எதிர் வீட்டு மனிதர் திருச்சிப் பக்கத்துக்காரர். ரயில்வே ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். நெடுநெடுவென்று உயரம், நான் அவர் சட்டையின் இரண்டாவது பொத்தானுக்கு வருவேன். என்னை அக்கா என்பார். நான் அவரை அண்ணா என்பேன். யார் மூத்தவர் என்பது எங்களுக்குள் கடைசிவரை தீரவே இல்லை. இரண்டு பேருக்குமே தான் இளையவர் என்ற எண்ணம்.

தண்ணீருக்காக வீதியில் எல்லோரும் தண்ணீர் ஆபீசில் போய்ச் சண்டை போட்டார்கள். இவர் மட்டும் போடவில்லை. ஒருநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய், எங்கள் வீதிக்குத் தண்ணீர் கொண்டு வந்ததற்காக உங்களுக்கு ஒரு பாராட்டு வைத்திருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை அவசியம் வர வேண்டும் என்று என்ஜினீயரை அழைத்துவிட்டு வந்துவிட்டார். என்ஜினீயரும் வேறு ஏதோ வீதி என்று நினைத்தாரோ என்னவோ, குளித்து விபூதி பூசிக்கொண்டு வந்துவிட்டார். வந்த பிறகுதான் அவருக்கு வீதி அடையாளம் தெரிந்தது. முகம் வெளுத்துப்போய், "சார், இங்க தண்ணி இன்னும் வரலையே" என்று இவர் காதோடு சொன்னார்.

இவர் சபைக்குக் கேட்கிற மாதிரி, "எவ்வளவு அடக்கம் பாருங்க" என்றார்.

எல்லோரும் கை தட்டினோம். என்ஜினீயரின் கழுத்து குனிந்தது, மாலை விழுந்தது, ஸ்டுடியோக்காரன் பளிச்சென்று ஒரு படம் பிடித்தான். மறுநாள் சாயங்காலம் வருகிற ஆங்கிலப் பேப்பரில் அந்தப் படம் வந்தது. அதற்கப்புறம் அந்த என்ஜினீயர் பட்ட பாடு இருக்கிறதே. மேலதிகாரி கூப்பிட்டுக் கை குலுக்கினாராம். மாமனார் வீட்டில் விருந்து வைத்தார்களாம். இத்தனையும் வாங்கிக்கொண்டு தண்ணீர் விடாமல் இருக்க மனுஷனால் முடியுமா? ஒரு நாள் விடியற்காலையில் எங்கள் குழாய்கள் இருமின, துப்பின, பிறகு காவேரி வந்தது.

அந்த மாலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது பூமாலை இல்லை. சந்தனக் கட்டையைச் சீவின சுருள்களைக் கோத்து, நடுநடுவே சிவப்பு மணியும் ஜரிகையும் வைத்துக் கட்டின மாலை. மைசூரில் அரண்மனைப் பக்கத்துக் கடைகளில் தொங்கும். வாடாது. அவர் வீட்டுக் கூடத்தில் அவருடைய மனைவியின் படத்துக்குப் போட்டிருந்த மாலை அது. அந்த அம்மாள் அந்த வீடு கட்டி முடித்த வருஷமே போய்விட்டாள். விழா நாளில் படத்தின் முன் நின்று, "ஒரு மணி நேரம் இரவல் குடும்மா" என்று சொல்லிக் கழற்றுவார். முடிந்ததும் கொண்டு போய்த் திரும்ப மாட்டுவார்.

எனக்கு இது தெரிந்த அன்றைக்கே பிடிக்கவில்லை. செத்தவர்கள் படத்துக்குப் போடுகிற மாலையை உயிரோடு இருக்கிற மனுஷன் கழுத்தில் போடலாமா என்று பாலை ஊற்றிக்கொண்டே கேட்டேன். அவர் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு யோசித்தார். யோசிக்கும்போது மேலுதட்டைத் தடவுவார்; மீசை வைத்திருந்த காலத்துப் பழக்கம்.

"படத்துக்குப் போட்டு என்னக்கா வேலை வாங்க முடியும்? உசுரோட இருக்கும்போது போட்டாத்தான் காரியம் நடக்கும்" என்றார்.

மாலை எப்படித் திரும்பி வந்தது என்று கேட்பீர்கள். நம்மவர்களின் பழக்கம் ஒன்று உண்டு. மேடையில் மாலை விழுந்த மறு நொடியே அதைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் நின்றால் ஆசைப்பட்டவன் என்று சொல்லிவிடுவார்கள். பெரிய மனுஷனாக இருந்தால் எவ்வளவு சீக்கிரம் கழற்றுகிறானோ அவ்வளவு பெருமை. கழற்றினதை யார் கையில் கொடுக்கிறோம் என்றுகூடப் பார்க்க மாட்டார்கள். இவர் பக்கத்திலேயே நின்று கையை நீட்டிக்கொண்டிருப்பார். மாலை அவர் கையில் வந்து விழும். விட்டுப்போனது இரண்டு சந்தனச் சுருள், சட்டையில் ஒட்டிக்கொண்டு. இப்படியே எங்கள் வீதியில் பாதிப் பேர் வீட்டில் அதே மாலையோடு படம் இருந்தது. எல்லோரும் அது தங்களுக்கென்று வாங்கின மாலை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மாலை விழறது பெரிசில்லக்கா" என்று ஒருநாள் என்னிடம் தொழில் ரகசியம் சொன்னார். "விழறதுக்கு முன்னாடி குனியுறாங்க பாருங்க, அதுதான் எனக்கு வேணும். குனிஞ்சுட்டா ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். அப்புறம் ஓட முடியாது."

அந்த ஆங்கிலப் பேப்பரையும் எடுத்துக்கொண்டு வருவார். அதில் வரும் இரண்டு வரி அவரே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தது. எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். கன்னடம் வாயோடு சரி. ஆங்கிலத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. ஆனாலும் எருமைக் கொட்டகை வாசலில் நின்று எனக்கு அதைப் படித்துக் காட்டாமல் போக மாட்டார். அப்படித்தான் ஒரு வார்த்தை எனக்குப் பழகியது. கார்லண்டட். மாலை போட்டுக்கொண்டவர் என்று அர்த்தமாம். பெயருக்கு முன்னால் வந்து நிற்குமாம். கார்லண்டட் என்ஜினீயர், கார்லண்டட் டாக்டர் என்று. பூ மறுநாள் குப்பைக்குப் போனாலும் அந்த வார்த்தை ஆளை விட்டுப் போகாதாம்.

வெள்ளைக்கார தேசத்தில் பரிசும் புகழும் நிறைய வாங்கினவர்களையும் இதே வார்த்தையால்தான் சொல்வார்களாம்; கழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டாலும் சரியாம். எனக்கு அது சரியாகப் படவில்லை. பூவும் இல்லை, நாரும் இல்லை, பிறகு என்ன மாலை என்று கேட்டேன்.

"அங்க குளிராச்சேக்கா, பூ கிடைக்காது. வாயாலயே போட்டுடறாங்க" என்றார்.

இன்னொரு வார்த்தையும் உண்டாம், டெக்கரேட்டட் என்று. பட்டாளத்துக்காரர்களுக்கு அதைத்தான் சொல்வார்களாம். சர்க்கார் கூப்பிட்டு நெஞ்சில் பதக்கம் குத்தி அனுப்பினால் அது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றேன். மேலுதட்டைத் தடவினார். அது செய்து முடித்தவனுக்கு, நம்முடையது செய்யப்போகிறவனுக்கு என்றார். ஆங்கிலத்தில் அப்படித்தான் இருக்கிறதோ இல்லையோ, எனக்குத் தெரியாது. படித்தவர்கள் யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் எங்கள் வீதியில் அதுதான் சட்டம்.

எங்கள் ஸ்டாப்பில் பஸ் நிற்காது. நாங்கள் கையைக் காட்டுவோம், கண்டக்டர் எங்களைப் பார்த்துக்கொண்டே போய்விடுவான். ஒருநாள் இந்த மனிதர் டவுனிலிருந்து அதே பஸ்ஸில் ஏறி வந்து, எங்கள் ஸ்டாப் வரும்போது தானே கயிற்றை இழுத்து மணி அடித்துவிட்டார். பஸ் நின்றது. கீழே நாங்கள் எல்லோரும் தேங்காய் பழத் தட்டோடு நிற்கிறோம். வயதானவர்களைக் கண்டால் நிறுத்தி ஏற்றிக்கொண்டு போகும் நல்ல மனசுக்காரர் என்று கன்னடத்தில் ஒரு சின்னப் பேச்சு. பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகக் கை தட்டினார்கள். கண்டக்டர் பாவம், படியில் நின்றபடியே குனிந்துவிட்டான்.

அதற்கப்புறம் அவன் பிழைப்பு அவ்வளவுதான். நரைத்த தலை எங்கே தெரிந்தாலும் நிறுத்தியாக வேண்டும். ஒருநாள் நான் ரோட்டோரத்தில் உட்கார்ந்து புல் அறுத்துக்கொண்டிருக்கிறேன், பஸ் வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டு போகவே மாட்டேன் என்கிறது.

"ஹத்தி அஜ்ஜி, ஹத்தி" என்று ஏறச் சொல்கிறான்.

அஜ்ஜி என்றால் பாட்டி; எனக்கு அந்த வார்த்தையே ஆகாது. நான் எங்கேயும் வரவில்லை, போ என்றேன்.

"நான் என்ன மாடலி அஜ்ஜி, மாலை ஹாக்கிட்டாரே" என்றான். மாலை போட்டுவிட்டாரே, நான் என்ன செய்வேன் என்று அழாத குறை.

மூலை வீட்டில் ஒரு புருஷன் பெண்டாட்டி. பாத்திரம் பறக்கிற சத்தம் என் கொட்டகை வரைக்கும் வரும். எருமை பால் மறக்கும். அவர்கள் கல்யாண நாளைக் கண்டுபிடித்து, இந்த வீதியிலேயே ஒற்றுமையான தம்பதி என்று இரண்டு தலையையும் ஒரே மாலைக்குள் விட்டார் இவர். கழற்றும்போது அவள் கம்மலில் ஜரிகை மாட்டிக்கொண்டு, அவன்தான் பொறுமையாக எடுத்துவிட்டான். அதற்கு மேல் அவர்கள் சண்டை போடவில்லை என்று சொல்ல மாட்டேன். குசுகுசுவென்று போட்டார்கள். எருமை பழையபடி கறந்தது.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவள்தானே நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி மனையிலிருந்து புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வருகிறேன், வீதியே என் வீட்டு வாசலில் நிற்கிறது. இவர் நடுவில், கையில் மாலை. என்ன சங்கதி என்று கேட்டால், தண்ணீர் கலக்காத பால் ஊற்றும் தாய்க்கு வீதியின் பாராட்டாம்.

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால்வரை எரிந்தது. மாலை என்பது இனிமேல் செய்யப்போகிறவர்களுக்கு என்று எனக்கே பாடம் சொன்ன ஆள். நான் கலந்தேனா இல்லையா என்பது எனக்கும் எருமைக்கும் நடுவே உள்ள விஷயம். அதை ஊரைக் கூட்டி விசாரிக்க இவர் யார்?

"ஏனுங்கண்ணா" என்றேன். "தண்ணி வராதப்பவே வந்துச்சுன்னு ஒருத்தனுக்குப் போட்டீங்க. நிக்காத பஸ்ஸு நின்னுச்சுன்னு ஒருத்தனுக்குப் போட்டீங்க. இப்ப எனக்கு எதுக்குப் போடறீங்கன்னு இங்க யாருக்கும் தெரியாதுங்களா?"

வீதி சிரித்தது. மூலை வீட்டுக்காரன்தான் அதிகம் சிரித்தான். இவரும் சிரித்துக்கொண்டே மாலையைத் தூக்கிக்கொண்டு கிட்டே வந்தார். தலையில்தான் புல்லுக்கட்டு இருக்கிறதே, மாலை எங்கே இறங்கும்? கட்டை இறக்குங்கக்கா, பேசிக்கொள்ளலாம் என்றார். இறக்க மாட்டேன் என்றேன். அவர் கையைத் தூக்கியபடி நிற்கிறார், நான் கட்டோடு நிற்கிறேன். எனக்குக் கழுத்து பழக்கப்பட்ட கழுத்து. அவருக்குத்தான் கை வலித்தது. இறக்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் வீட்டைத் தாண்டும்போது நான் தலையில் ஏதாவது வைத்துக்கொண்டுதான் போவேன். புல் இல்லாவிட்டால் வெறும் கூடை. அவர் வாசலில் நின்று பார்த்து, மைசூரிலேயே தப்பித்த கழுத்து உங்களுடையது ஒன்றுதான் என்பார். பால் எப்படி இருந்தது என்று நான் கேட்பேன். கெட்டியாக இருக்கிறது என்பார். எப்போதும் அப்படித்தானே என்பேன். அதற்கு மேலுதட்டைத் தடவுவார்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு மழைக்காலத்தில், தான் கொண்டு வந்த தண்ணீரிலேயே வழுக்கி விழுந்தார். குழாயடியில் பாசி. காலையில் பால் ஊற்றப் போன நான்தான் பார்த்தேன். எவ்வளவு நேரமாகக் கிடந்தாரோ, "அக்கா, இன்னிக்குப் பால் வேணாம்" என்றார். எலும்பு முறியவில்லை, இடுப்பு பிசகியிருந்தது. பெங்களூரிலிருந்து மகன் ஓடி வந்தார். ஒரே மகன். கம்பெனியில் நல்ல வேலை. குறை சொல்ல முடியாத பிள்ளை. லீவு போட்டுவிட்டு வந்து, அப்பா எழுந்து நடக்கிற வரைக்கும் பக்கத்திலேயே இருந்தார். இருந்துவிட்டு, இனிமேல் தனியாக விட முடியாது, பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம் என்று முடிவு சொல்லிவிட்டார்.

இவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஊரையே குனிய வைத்த ஆள், வாயைத் திறக்காமல் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு மகன் சாமான் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மகன் கடைக்குப் போன நேரம் பார்த்து உள்ளே போனேன். பெத்த பிள்ளைக்கு ஒரு மாலையைப் போடுவதுதானே, எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறீர்கள் என்றேன்.

"அவன் என்கிட்டயே வளர்ந்தவன்க்கா. மாலையைக் கண்டாலே ஓடிடுவான்" என்றார். பிறகு, "அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. எனக்குத்தான் போகப் பிடிக்கல. மத்தவங்களுக்கு வேணும்கிறதை எப்படியாவது வாங்கிடுவேன். எனக்கு வேணும்னு கேட்டுப் பழக்கமே இல்ல" என்றார்.

கூடத்துச் சுவரைப் பார்த்தேன். அந்த அம்மாளின் படத்தை இறக்கிப் போர்வையில் சுற்றி வைத்தாயிற்று. வாடகைக்கு வருகிறவர்களுக்காக மகன் ஆணியையும் பிடுங்கி, ஓட்டையில் சுண்ணாம்பு அடைத்திருந்தார். ஈரம்கூடக் காயவில்லை. மாலை மட்டும் கட்டிலில், அவர் பக்கத்தில், போக இடமில்லாமல் கிடந்தது. அதை எடுத்து என் கையில் வைத்தார்.

"நீங்க வச்சுக்குங்க. அங்க ஃப்ளாட்ல சுவத்துல ஆணி அடிக்க விடமாட்டாங்களாம்."

வாங்கிக்கொண்டு வந்தேன். எத்தனை கழுத்து ஏறி இறங்கின மாலை; சுருள் பாதி உதிர்ந்து, நூல் தெரிந்தது. வாசனை மட்டும் இருந்தது. கொட்டகையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவருக்குக் கேட்கத் தெரியாது. எனக்கோ, யாரிடமும் போய் நிற்கிற வழக்கம் கிடையாது. ஒருவரைப் போகாதே என்று சொல்வதும் ஒரு விதத்தில் கேட்பதுதானே. அதனால் நான் கேட்கப்போவதில்லை என்று முடிவு செய்தேன். பாராட்டப்போகிறேன்.

மறுநாள் பஸ்ஸில் ஏறி, இறங்கும் வரைக்கும் கண்டக்டருக்கு எடுத்துச் சொன்னேன். அவனுக்கு இவர்மேல் எத்தனையோ நாள் பாக்கி இருந்தது, முகம் மலர்ந்துவிட்டது. என்ஜினீயர் இப்போது பெரிய பதவிக்குப் போயிருந்தார். அவரையும் போய்ப் பார்த்தேன். வாட்ச்மேன் யார் என்று கேட்டபோது, கார்லண்டட் என்ஜினீயரைப் பார்க்க வேண்டும் என்றேன். உள்ளே விட்டுவிட்டான். மூலை வீட்டுக்காரர்களிடம் சொன்னதும் அவர்கள் இரண்டு பேரும் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே பதிலைச் சொன்னார்கள்.

கிளம்புகிற நாள் காலை. சின்ன லாரியில் பீரோ, கட்டில் எல்லாம் ஏற்றியாயிற்று. பஸ் வந்தது. ஸ்டாப்பில் நிற்காமல் வீதிக்குள்ளேயே திரும்பி, லாரிக்கு முன்னால் வந்து நின்றது. டிரைவரை எப்படிச் சம்மதிக்க வைத்தானோ அந்தக் கண்டக்டர். ஜனங்கள் ஜன்னலில் தலையை நீட்டினார்கள். என்ஜினீயர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். மூலை வீட்டுக்காரி தட்டில் வெற்றிலை பாக்கோடு வந்தாள். நான் தலையில் ஒன்றும் இல்லாமல், கையில் மாலையோடு, வீதியைக் கடந்து போனேன்.

மகன் கையில் சாவியோடு, "என்னம்மா இது?" என்றார்.

"பாராட்டு விழாங்க தம்பி" என்றேன். "உங்கப்பா இந்த வீதியை விட்டுப் போகாம இருக்கறதுக்கு ஒத்துக்கிட்டாருல்லங்க, அதுக்கு."

"அவர் எங்கம்மா ஒத்துக்கிட்டாரு? நாங்க கிளம்பிட்டோமே."

நான் பஸ்ஸுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். "எவ்வளவு அடக்கமான குடும்பம் பாருங்க."

பஸ் கை தட்டியது. என்ஜினீயர் முன்னால் வந்து, அப்பாவின் விருப்பம்போல் விட்டுக்கொடுத்த பெரிய மனசுக்கு நன்றி என்று மகனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்குவதில் அவருக்கு அனுபவம் இருந்தது. இரண்டு வேளைச் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து என்றாள் மூலை வீட்டுக்காரி. பாசியைச் சுரண்டிவிட்டேன் என்றான் அவள் புருஷன். மகன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. மறுபடி விழுந்தால் யார் பார்ப்பார்கள் என்கிற பயம். அதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

"தம்பி, நான் விடியறதுக்கு முன்னாடி பால் ஊத்தறவ. அப்படியே மூச்சு இருக்குதான்னும் பாத்துட்டு வந்துடறனுங்க. போன தடவையும் நான்தான பாத்தேன்."

அந்த மனிதர் லாரிப் பக்கத்தில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். மேலுதட்டைத் தடவிக்கொண்டிருந்தார். நான் அவர் முன்னால் போய் நின்று, "நம்ம கார்லண்டட் அண்ணனுக்கு" என்று சொல்லி மாலையைத் தூக்கினேன். எனக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலம், வாட்ச்மேனிடம் செலவானது போக மிச்சத்தை அன்றைக்குச் செலவழித்துவிட்டேன்.

அவர் குனியவில்லை.

நேராக நின்றார். என் கை அவர் மார்புக்கு மேல் எட்டவில்லை. எனக்கு அன்றைக்குப் புல்லுக்கட்டு, அவருக்கு இன்றைக்கு அவர் உயரம். கண்ணில் ஒரு சிரிப்பு இருந்தது. நான் கையை இறக்கவில்லை. பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது. யாரோ ஆபீசுக்கு நேரமாயிற்று என்று கன்னடத்தில் முனகினார்கள். கண்டக்டர் அவர்களை அதட்டினான்.

"அக்கா" என்றார் அவர், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "குனிஞ்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியுங்கண்ணா. சீக்கிரம் குனிங்க, கை வலிக்குது."

அவர் மகனைப் பார்த்தார். மகன் என்னைப் பார்க்கவில்லை, கூட்டத்தையும் பார்க்கவில்லை. என் கையில் இருந்த மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது தன் அம்மாவின் படத்து மாலை என்பது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது போலிருக்கிறது. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"குனிங்கப்பா" என்றார். "பஸ் நிக்குது."

அவ்வளவு உயரமும் மடங்கியது. மாலை விழுந்தது. கண்டக்டர் கீழே நின்றபடியே கயிற்றை எட்டி இழுத்து மணியை அடித்துக்கொண்டே இருந்தான்; கிளம்பச் சொல்கிறான் என்று டிரைவர் நினைத்து நகர்த்த, அவன் பின்னால் ஓடிப் போய்த் தொற்றிக்கொண்டான்.

இப்போது கழற்ற வேண்டும் அல்லவா? நான் முறையாக அவர் பக்கத்தில் போய், அவர் நிற்கிற மாதிரியே நின்று, கையை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். கழற்றவில்லை. மாலையோடு நடந்து, வாசல் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டார். ஆசைப்பட்டவன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும் என்கிற நடை. மகன் லாரியில் ஏறி, போர்வையில் சுற்றின படத்தை முதலில் இறக்கினார். பிறகு லாரிக்காரனிடம் சுத்தியல் இருக்கிறதா என்று கேட்டார்.

நான் கையை நீட்டிக்கொண்டே நின்றேன். உள்ளே ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது. பச்சைச் சுண்ணாம்பு, உடனே நிற்கவில்லை போலும். இடம் மாற்றி மறுபடி அடித்தார்கள். அது நின்ற பிறகுதான் கையை மடக்கினேன்.

பிறகு எனக்கு ஒன்று உறைத்தது. மனிதர் இங்கேதான் இருக்கப்போகிறார், மாலையும் ஆணியில் ஏறிவிட்டது. அவசரமாக வீட்டுக்குப் போய், கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேன்.